கழுத்து இறுக்கம், தூக்கமும் இல்ல: ஒயில் மசாஜ், ரெய்கி எல்லாம் செஞ்சு பாக்கலாமா?

ஹட்டன்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்கூல்ல ஓஎல் பரீட்சை எழுதப்போற பிள்ளைங்களுக்கு படிச்சிக்குடுக்கிறேன். கொஞ்ச காலமா பின்கழுத்துல இருந்து ரெண்டு தோள்பட்டை வரைக்கும் பலகை மாதிரி இறுகிக் கிடக்குது, பின்னேரம் ஆனா தலைவலி, ராத்திரி படுத்தா தூக்கம் வராது, வந்தாலும் மூணு மணிக்கு முழிப்பு தட்டிருது, அதுக்கப்புறம் விடியிற வரைக்கும் முகட்டப் பாத்துக்கிட்டு கிடக்க வேண்டியதுதான். டிஸ்பென்சரியில காட்டுனேன், பிரஷர் நோர்மல், பெனடோல் குடுத்து டென்ஷன கொறைங்க டீச்சர்னு அனுப்பிட்டாங்க. டென்ஷன எங்க கொண்டுபோய் கொறைக்கிறதுன்னு மட்டும் சொல்லல.

கூட வேலை செய்ற மிஸ்மார் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஒருத்தங்க நுவரெலியால ஹொட்டல் ஸ்பாவுல நெத்தியில எண்ண ஊத்துவாங்க, சிரோதாரா, ஒருதரம் போயிட்டு வா, கொழந்த மாதிரி தூங்குவேங்கிறாங்க, விலை விசாரிச்சா பத்தாயிரத்துக்கு மேல. இன்னொருத்தங்க ரெய்கி, அதான் கை வழியா சக்தி குடுத்து சுகமாக்குறதாம், அதுக்கு கோர்ஸ் இருக்கு, சனி ஞாயிறுல முடியும், சர்டிபிகேட்டும் தருவாங்கன்றாங்க. இன்னொரு மிஸ் நுவரெலியா ரோட்டோரத்துல விக்கிற சின்ன போத்தல் எண்ணெய்ங்க ரெண்டு மூணு வாங்கியே குடுத்துட்டாங்க, யூக்கலிப்டஸ் ஒண்ணு, வின்டர்கிரீன்னு ஒண்ணு. அந்த வின்டர்கிரீன இப்ப நான் தொடுறதுக்கு முன்னாடி அம்மா முட்டிக்கு தேய்க்க ஆரம்பிச்சிட்டாங்க. அம்மா வாழ்க்க பூரா கொழுந்து பறிச்சவங்க, முட்டி ரெண்டும் போச்சு, ஹார்ட்ல வால்வ் மாத்தி, ரத்தம் கட்டியாகாம இருக்க வார்ஃபரின் மாத்திரை குடிக்கிறாங்க, மாசாமாசம் கிளினிக்.

இதுல எதுக்கு காசு செலவழிக்கலாம், எது சும்மா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கொட்டகலை_மாமா:
மகள், பத்தாயிரத்த கொண்டுபோய் ஸ்பாக்காரன்கிட்ட குடுக்காதீங்க. நொச்சி இலை ஒரு கைப்பிடி, எலுமிச்ச இலை, கொஞ்சம் மஞ்சள் போட்டு கொதிக்க வச்சி போர்வைய போத்திக்கிட்டு ஆவி பிடிங்க, அப்புறம் நல்லெண்ணெய்ய சும்மா வெதவெதன்னு சூடாக்கி உச்சந்தலையில இருந்து கழுத்து வரைக்கும் யாரையாவது தேய்க்கச் சொல்லுங்க, படுக்கப் போகையில ஒரு கொத்தமல்லித் தண்ணி. எங்க அம்மாயி இப்பிடித்தான் செய்வாங்க, மலையில இருந்து வந்து இடுப்புல கட்டுற சாக்குப் படங்க அவுத்து வச்சிட்டு அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து ஒருத்தருக்கு ஒருத்தர் தலைக்கு எண்ண வச்சி விடுவாங்க, லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, அதுதான் ஸ்பா. இப்ப எல்லாரு கையிலயும் போன். தோள்பட்டைக்கு சித்தாலேப பாம் கொஞ்சம் போட்டு தேச்சா போதும், ஆளுக்கு ஒரு டப்பா எப்பிடியும் வீட்டுல இருக்குமே.

ஆவி பிடிக்கும்போது சுடுதண்ணி சட்டிய மடியில வச்சுக்காம மேசையில வச்சிப் பிடிங்க, அது மட்டும் கவனம்.

பனிமூட்டம்:
டீச்சர், நான் நுவரெலியால ஹொட்டல் ஸ்பா ஒண்ணுல தெரபிஸ்டா இருக்கேன், அதனால சொல்றேன், மாமா சொன்னது பாதி சரி. சிரோதாரான்னா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் போறதா இல்லையான்னு முடிவெடுங்க. மல்லாக்க படுக்க வைப்போம், கண்ணுக்கு மேல ஈரப்பஞ்சு வச்சி துணி கட்டுவோம், நெத்திக்கு மேல ஒரு பித்தளைப் பாத்திரம் தொங்கும், அடியில சின்ன ஓட்டை, அதுல இருந்து திரி வழியா எண்ண நூல் மாதிரி விழணும், கொட்டக்கூடாது சொட்டவும் கூடாது. சூடு சரியான்னு எங்க மணிக்கட்டு உள்பக்கம் விட்டுப் பாப்போம். நெத்தியில ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் மெதுவா ஆட்டிக்கிட்டே அரை மணித்தியாலம், முக்கா மணித்தியாலம். ரூம்ல லைட் கொறவு, யாரும் பேச மாட்டோம், உங்க போன் லொக்கர்ல. ஏறி படுத்த பத்தாவது நிமிசம் கொறட்ட விடுறவங்கதான் அதிகம், வெள்ளைக்காரங்களும் சரி நம்ம ஆளுங்களும் சரி.

அது எண்ணெயோட வேலையா இருட்டோட வேலையான்னு கேட்டா நான் சத்தியமா ரெண்டும்னுதான் சொல்வேன். ஆனா ஒருதரம் செஞ்சிட்டு மூணு மணி முழிப்பு போயிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆயுர்வேதத்துல இத வைத்தியமா செய்றதுன்னா டொக்டர் நாடி பாத்து, எண்ணெய்ய அவரே சொல்லி, தொடர்ந்து பல நாள் செய்வாங்க. ஹொட்டல்ல நாங்க செய்றது ஒரு பின்னேரத்து ஓய்வு, அவ்வளவுதான். ரெண்டையும் ஒரே விலைப்பட்டியல்ல போட்டு விக்கிறதுதான் எனக்கும் புடிக்காத விசயம்.

கழுத்து தோள்பட்டைக்குன்னா சிரோதாராவ விட சாதாரண மசாஜ் உங்களுக்கு பிரயோசனம். போர்டுல கைய தூக்கி எழுதி எழுதி, பொறவு குனிஞ்சி கொப்பி திருத்தி, அந்த மேல் தசை கட்டியா போயிருக்கும், விரல் வச்சா தெரியும். எங்ககிட்ட வர்ற டீச்சர்மாருக்கும் ஒபிஸ்காரங்களுக்கும் அதே இடம்தான். கொழுந்து பறிச்ச அம்மாமாருக்கு வேற மாதிரி, கூடைக் கயிறு உச்சந்தலைல இழுத்த இழுப்புல கழுத்து எலும்புக்கு ரெண்டு பக்கமும் கயிறு முறுக்கின மாதிரி இருக்கும், அங்க அமுக்கவே பயமா இருக்கும்.

எண்ண மசாஜ் எடுத்துட்டு உடனே எங்க ஊர் குளிர் காத்துல பஸ்ஸுக்கு நிக்காதீங்க, தலைய மூடிக்கிட்டுப் போங்க. காய்ச்சல் இருந்தாலோ வயிறு நெறைய சாப்பிட்டிருந்தாலோ அன்னைக்கு வேணாம்.

பதுளை_நர்ஸ்:
டீச்சர் உங்க விசயத்துக்கு அப்புறம் வாறேன், மொதல்ல அம்மாவோட வின்டர்கிரீன் போத்தல எடுத்து உயரத்துல வைங்க. இன்னைக்கே.

அது நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் காட்டோரத்துல வளர்ற செடி, சிங்களத்துல வெல் கப்புரும்பாங்க. அந்த எண்ணெய் கிட்டத்தட்ட முழுக்க மீதைல் சாலிசிலேட், அதாவது அஸ்பிரின் குடும்பம். தோல் வழியா உடம்புக்குள்ள போகும். வார்ஃபரின் குடிக்கிறவங்க இத அடிக்கடி தேய்ச்சா ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு காட்டுற அளவு, ஏறி ரத்தக்கசிவு வரலாம், இது புத்தகத்துல மட்டும் இருக்கிற கத இல்ல. முரசுல, அதான் பல் ஈறுல, ரத்தம், காரணம் இல்லாம நீலக்கலர் கண்டல், ஒண்ணுக்கு செவப்பா போறது, மலம் கறுப்பா போறது, இதுல எது இருந்தாலும் கிளினிக் தேதி வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்காம ஹொஸ்பிட்டல் கொண்டு போங்க. இன்னொண்ணு, அந்த எண்ணெய்ல ஒரு தேக்கரண்டி, இருபது அஸ்பிரின் மாத்திரைக்கும் மேல. சின்னப்புள்ள எடுத்துக் குடிச்சிட்டா உயிருக்கே ஆபத்து. இனிப்பா மணக்குறதால புள்ளைங்க வாயில வைக்கும். வலிக்குத் தேய்க்கிற பாம் நெறையத்துலயும் இதே சாமான் கலந்திருக்கும், அதனால மாமா கோவிக்க வேணாம், அம்மாவுக்கு எந்த டப்பாவும் லேபிள் பாக்காம தேய்க்காதீங்க. முட்டிக்கு வெதுவெதுப்பான தண்ணி ஒத்தடம், சும்மா தேங்காண்ணெய் போட்டு மெதுவா தடவி விடுறது, அது போதும், அழுத்தி பிசையவும் வேணாம், வார்ஃபரின்காரங்களுக்கு சுலபமா ரத்தம் கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, கெண்டைக்கால் வலிச்சா மசாஜே கூடாது, ரத்தக்கட்டியா இருந்தா அது நகர்ந்து நுரையீரலுக்குப் போயிரலாம்.

கசாயப் பொடி வாங்குறவங்களும் கவனம். இனிப்புக்கு அதிமதுரம் போடுவாங்க, அத நாள்தோறும் குடிச்சா பிரஷர் ஏறும், பொட்டாசியம் எறங்கும். லேகியம், பஸ்பம்னு யாராவது பொட்டணமா குடுத்தா யாரு செஞ்சதுன்னு கேளுங்க. 2004ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சியில, அமெரிக்காவுல பொஸ்டன் பக்கத்துக் கடைங்கள்ல வாங்கின 70 ஆயுர்வேத மருந்த பரிசோதிச்சதுல 14ல ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்துச்சு. எல்லா மருந்தும் அப்பிடின்னு அர்த்தமில்ல, லேபிள் இல்லாத பொட்டணம் வேணாம்னுதான் சொல்றேன்.

இப்ப உங்களுக்கு. மசாஜுக்கு முன்னாடி ரத்தம் பாருங்க. ஹீமோகுளோபின், தைரொயிட், சுகர். நம்ம பக்கத்துப் பொம்பளைங்க நெறையப் பேருக்கு அசதி, தலைவலி, தூக்கமின்மைன்னு வந்து கடைசியில ரத்தம் கொறவா இருக்கும். சோறு சாப்பிட்ட கையோட பிளேன்டி, அதான் பால் இல்லாத தேத்தண்ணி, குடிக்கிற பழக்கம் நமக்கு எல்லாருக்கும் இருக்கு, தேத்தண்ணி சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்த உடம்பு எடுக்க விடாது, ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிங்க. பின்னேரம் மூணு மணிக்கு அப்புறம் தேத்தண்ணியே வேணாம்னு சொன்னா தேயிலைக்காட்டுல யாரும் கேக்கப் போறதில்ல, ஆனா தூக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். திடீர்னு வாழ்க்கைல வராத மாதிரி தலைவலி, கூடவே வாந்தி, பார்வை மங்குறது, கை கால் வழங்காம போறது, காய்ச்சலோட கழுத்து வளைக்க முடியாம போறது, இப்பிடி ஏதும் வந்தா எண்ணெய்யும் வேணாம் ஆவியும் வேணாம், நேரா ஹொஸ்பிட்டல்.

சாமிமலை_பொடியன்:
நர்ஸ் அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, நான் ரெய்கிக்கு மட்டும் வாறேன். 1922ல ஜப்பான்ல மிக்காவோ உசுயின்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. கை வழியா சக்தி போகுதாம். மொதல் லெவல், ரெண்டாம் லெவல், மாஸ்டர்னு ஒவ்வொண்ணுக்கும் காசு. அந்த சக்தின்னு ஒண்ண யாரும் அளந்து காட்டல. ரெய்கி தெரியாத ஒரு ஆள சும்மா கைய வச்சி நடிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பாத்த ஆராய்ச்சிங்களும் இருக்கு, நல்லா செஞ்சதுங்கள்ல பெருசா வித்தியாசம் இல்ல. டீச்சர் நீங்களே கணக்கு போடுங்க, ரெண்டு நாள்ல சர்டிபிகேட் வாங்கினா மூணாவது நாள் கழுத்து வலி அப்பிடியேதான் இருக்கும், கூடவே கையில ஒரு சர்டிபிகேட்டும் இருக்கும்.

லிந்துலை_ராணி:
பொடியன் தம்பி கொஞ்சம் நிப்பாட்டுங்க. நான் போயிருக்கேன். படிக்க இல்ல, செஞ்சிக்க. டவுன்ல ஒரு அக்கா வீட்டுல வச்சி செய்றாங்க. உடுப்போட படுக்கலாம், தொடக்கூட மாட்டாங்க, தலைக்கு மேல, நெஞ்சுக்கு மேல கைய பிடிச்சிக்கிட்டு இருப்பாங்க. எனக்கு கண்ணுல தண்ணியே வந்திச்சு, ஏன்னு தெரியல. அன்னைக்கு ராத்திரி நல்ல தூக்கம். சக்தி இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது, எனக்கு நல்லா இருந்திச்சு, அவ்வளவுதான்.

சாமிமலை_பொடியன்:
அக்கா உங்களுக்கு நல்லா இருந்திச்சுங்கிறத நான் இல்லன்னு சொல்லவே இல்ல. முக்கா மணித்தியாலம் சோறு எங்க, சாவி எங்க, யூனிபோர்ம் எங்கன்னு யாரும் கூப்பிடாம படுத்துக் கிடந்தா லிந்துலையில எந்தப் பொம்பளைக்குத்தான் நல்லா இருக்காது? கண்ணுல தண்ணி வந்ததுக்கும் அதுதான் காரணமோ என்னமோ. அதுக்கு காசு குடுக்கிறதுல தப்பே இல்ல. என் சண்ட என்னன்னா அதே ஆளு நாளைக்கு வந்து பிரஷர் மாத்திரைய விட்டுருங்க, நான் கை வச்சே சரியாக்குறேன்னு சொல்லும்போதுதான். அப்பிடி சொல்ற ஆளுங்களும் இருக்காங்க.

லிந்துலை_ராணி:
அந்த அக்கா அப்பிடி சொன்னதில்ல. மருந்து குடிக்கிறீங்களா, விடாம குடிங்கன்னு அவங்களேதான் சொன்னாங்க. ஆனா நீங்க சொன்ன சோறு எங்க சாவி எங்க விசயம் உண்மதான் தம்பி, சிரிப்பு வந்திருச்சு.

நாவலப்பிட்டி_ஐயா:
தங்கச்சி, அரசாங்க ஆயுர்வேத ஹொஸ்பிட்டல், டிஸ்பென்சரி இதையெல்லாம் ஏன் யாரும் சொல்லல? மாகாண சபை நடத்துறதும் இருக்கு, பிரதேச சபை நடத்துறதும் இருக்கு, மருந்து எண்ணெய் எல்லாம் இலவசம் இல்லாட்டி சொற்ப காசு. எண்ண வைத்தியம், ஒத்தடம் செய்ற இடமும் இருக்கு, எல்லாத்துலயும் இல்ல, விசாரிச்சிட்டுப் போகணும். சில எடத்துல டொக்டர் சிங்களத்துல மட்டும்தான் பேசுவார், கூட ஒருத்தர கூட்டிக்கிட்டுப் போங்க, நானும் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கேன்.

தனியார்கிட்ட போறதுன்னா ஆயுர்வேத மருத்துவ சபையில பதிஞ்சவரான்னு பாருங்க. 1961ஆம் ஆண்டு 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்துல சித்த வைத்தியம், யுனானி, தேசிய வைத்தியம் எல்லாமே அடங்கும், அதனால சித்த வைத்தியர்னாலும் பதிவு இருக்கணும். பதிவு இலக்கம் கேட்டா கோவிச்சிக்கிற வைத்தியர்கிட்ட போகாதீங்க. மாத்தளைப் பக்கம் வாசனைத்திரவியத் தோட்டங்கள்ல இலவச மசாஜ்னு ஒரு பையன் ரெண்டு நிமிசம் கழுத்த அமுக்கிட்டு அப்புறம் ஒரு சின்ன போத்தல பல ஆயிரத்துக்கு தலையில கட்டுவான், அதுக்கும் வைத்தியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

காசே இல்லாம ஒண்ணு சொல்றேன், நான் ரிட்டயர் ஆன பொறவு ஒரு கிளினிக்ல சொல்லிக்குடுத்தாங்க. எட்மண்ட் ஜேக்கப்சன்னு அமெரிக்காவுல ஒரு டொக்டர் 1920கள்ல கண்டுபிடிச்சது. படுத்துக்கிட்டு கால் விரல்ல இருந்து ஆரம்பிங்க. அஞ்சு செக்கன் இறுக்கிப் பிடிச்சி, அப்பிடியே விட்டுருங்க, விட்டதும் எப்பிடி தளர்ந்து போகுதுன்னு கவனிக்கணும், அதுதான் முக்கியம். கெண்டைக்கால், தொடை, வயிறு, கை முஷ்டி, தோள காது வரைக்கும் தூக்கி இறுக்கி விடுறது, கடைசியா மூஞ்சி. கூடவே மூச்ச மெதுவா, நிமிசத்துக்கு ஆறு தடவைன்னு வச்சிக்கிட்டு உள்ள இழுக்கிறத விட வெளிய விடுறத நீளமாக்குங்க. பக்கத்துக் காம்பராவுல டீவி சத்தம், மேல தகரத்துல மழை, அதெல்லாம் இருக்கத்தான் செய்யும், எல்லாம் அமைதியான பொறவு செய்யலாம்னா நம்ம லயத்துல விடிஞ்சிரும். சத்தத்தோடயே செய்யணும்.

ஹட்டன்_டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வின்டர்கிரீன் போத்தல அலுமாரிக்கு மேல வச்சிட்டேன், அம்மாவுக்கு கோவம், வலிக்கு நல்லா கேட்டுச்சுன்னு சொல்றாங்க. முரசு, கண்டல் எல்லாம் பாத்தேன், கைல சின்னதா ஒரு நீலம் இருக்கு, எங்கயோ இடிச்சதுன்றாங்க. ஸ்பா இப்போதைக்கு வேணாம், ரத்தம் செக் பண்ணிட்டு ஆயுர்வேத ஹொஸ்பிட்டல் விசாரிக்கிறேன். பனிமூட்டம் அக்கா, யூக்கலிப்டஸ் எண்ணெய் மிச்சம் இருக்கே, அத எனக்கு கழுத்துக்கு போடலாமா? நேரா போட்டேன், எரிஞ்சிச்சு.

இன்னொண்ணும் கேக்கணும். சில ராத்திரியில முழிச்சா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும், காரணமே இல்லாம அழுக வரும். இதுவும் டென்ஷன்தானா?

பனிமூட்டம்:
எரியத்தான் செய்யும் டீச்சர், வாசன எண்ணெய் எதையும் தோல்ல நேரா போடக்கூடாது. 30 மில்லி தேங்காண்ணெய் இல்லாட்டி நல்லெண்ணெய்ல 12 சொட்டு, அதுக்கு மேல வேணாம். மொதல்ல முழங்கைக்கு உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க, செவந்தா விட்டுருங்க. கறுவா எண்ணெய், அது இலையோ பட்டையோ, கழுத்துக்கு வேணவே வேணாம், தோலு பொசுங்கிரும். வீட்டுல ஆஸ்துமாக்காரங்க, கைக்கொழந்த யாராவது இருந்தா யூக்கலிப்டஸும் கிட்ட கொண்டு போகாதீங்க. உங்களுக்கு தலைவலி வேற இருக்கிறதால மணம் ஒத்துக்கலைன்னா வெறும் நல்லெண்ணெய் போதும், தேய்க்கிற கைதான் முக்கியம். ஒங்க ஸ்கூல் மிஸ்மார்ல ஒருத்தர பிடிச்சி, இடைவேளைல மாத்தி மாத்தி பத்து நிமிசம் தோள அமுக்கி விடுங்க, பெருவிரலால குத்தாம உள்ளங்கையால. கழுத்து முன்பக்கம் மட்டும் கை வைக்கவே கூடாது.

பதுளை_நர்ஸ்:
படபடப்புக்கு தைரொயிட் கட்டாயம் பாருங்க, அதான் முன்னமே சொன்னேன், ரத்தம் கொறஞ்சாலும் நெஞ்சு அடிக்கும். ரெண்டும் சரியா இருந்து, அழுகையும் மூணு மணி முழிப்பும் ரெண்டு கிழமைக்கு மேல தொடர்ந்தா, வேலையில வீட்டுல எதுலயும் மனசு ஒட்டலைன்னா அது மனச்சோர்வா இருக்கலாம், அதுக்கும் வைத்தியம் இருக்கு, பெரிய ஹொஸ்பிட்டல்ல மனநல கிளினிக் இருக்கு, இலவசம். போறதுக்கு வெக்கமா இருந்தா மொதல்ல 1926க்கு கோல் எடுத்துப் பேசுங்க, தேசிய மனநல நிறுவனத்தோட நம்பர், தமிழ்லயும் பேசலாம். பைத்தியக்கார ஹொஸ்பிட்டல் நம்பர்னு தோட்டத்துல யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. மசாஜ், மூச்சுப் பயிற்சி எல்லாம் கூடவே செய்யலாம், ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல.

அம்மாவுக்கு அடுத்த கிளினிக் எப்ப?

ஹட்டன்_டீச்சர்:
வாற மாசம் தான் அக்கா.

பதுளை_நர்ஸ்:
அவ்வளவு நாள் வேணாம். இந்தக் கிழமைக்குள்ள கிளினிக் கொப்பியோட கொண்டுபோய் ஐஎன்ஆர் பாக்கச் சொல்லுங்க, கை நீலத்தையும் காட்டுங்க. எத்தன நாள் தேச்சாங்கன்னு கேப்பாங்க, அம்மாகிட்ட இப்பவே கேட்டு வச்சிக்கோங்க, அங்க போனா ஒரு தடவதான் தேச்சேன்னு சொல்லிருவாங்க. அந்த போத்தலயும் பையில போட்டுக்கங்க, பேரு சொன்னா சில டொக்டர்மாருக்கு புரியாது, மோந்து பாத்தா புரிஞ்சிரும்.